பதினொரு மணிக்கு இறங்கும் பேய்

கொத்தெபே மாவு மில்லுக்கு அந்த வருஷம் யாரும் மாவரைக்க வரவில்லை. பேயோட்ட வந்தார்கள். பேய் பிடித்தது மனிதர்களுக்கு இல்லை. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது, அடிஸ் அபாபா முன்னேறிவிட்டது. பேய் பிடித்தது மின்சாரக் கார்களுக்கு.

விடியும் முன்பே வரிசை நிற்கும். மில் வாசலிலிருந்து ரொட்டிக் கடை வரை, ரொட்டிக் கடையிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை வரிசையாக ஆமைகள். ஆமை என்பது நாங்கள் வைத்த பெயர். சீனாக்காரன் ஏதோ பறவையின் பெயரை வைத்திருந்தானாம். உருண்டை முதுகையும் குட்டைத் தலையையும் பார்த்த எங்கள் ஜனங்கள் ஒரே நாளில் பெயரை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு ஆமையின் கூரைமேலும் கால் கட்டிய சிவப்புச் சேவல் ஒன்று. ஓட்டுகிறவர் மடியில் ஒரு கிலோ காப்பிக்கொட்டை. சட்டைப் பையில் ஆயிரத்து ஐநூறு பிர் பணம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேய் இறங்காது. பேய்க்குக் காப்பி எதற்கு என்று கேட்டவனை வரிசையிலிருந்து வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

என் பெயர் ஷிமெலிஸ். வாடகைக் கார் ஓட்டுகிறேன், அதுவும் ஆமைதான். இந்தக் கதையில் எங்கெல்லாம் முட்டாள் கூட்டம் என்று எழுதுகிறேனோ, அங்கெல்லாம் என்னையும் ஒரு தலையாக எண்ணிக்கொள்ளுங்கள். நான் நான்கு சேவல் கொடுத்தவன்.

பேயோட்டியின் பெயர் தெப்தெரா ஜெம்பெரே. தெப்தெரா என்றால் கோவில் பள்ளியில் பழைய பாஷை படித்து, தாயத்து எழுதத் தெரிந்தவர். ஜெம்பெரே எந்தப் பள்ளியில் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஏனென்றால் முந்தின மாசம் வரை அவர் அதே மில்லின் ராக்காவலாளி. நானே அவரிடம் எத்தனையோ தடவை தீப்பெட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒருநாள் தலையில் ஆறு முழம் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டார். மறுநாளே ஊர் தீப்பெட்டியை மறந்துவிட்டது. கோவில் பாதிரியார் தன் பிரசங்கத்திலேயே, "அந்த ஆளுக்கும் கோவிலுக்கும் சம்பந்தமில்லை" என்றார். பாதிரியாருக்குப் பொறாமை என்று முடிவு செய்தோம்.

இந்த நோய் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்து ஆமைகள் எல்லாம் திலாஹுன் என்ற ஒரே ஆள் கப்பலில் வரவழைத்து விற்றவை. திரையில் முழுக்கச் சீன எழுத்து. அதில் ஒன்றுகூட அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் கடிகாரத்தை மட்டும் ஒவ்வொரு வண்டியிலும் தன் கையாலேயே எங்கள் நேரத்துக்குத் திருப்பி வைப்பார். "இனிமே இது எத்தியோப்பிய வண்டிடா!" என்று அதன் முதுகில் தட்டிக் கொடுப்பார். எங்கள் நேரம் என்றால், பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி. உங்கள் காலை ஏழு எங்களுக்கு ஒன்று. உங்கள் நடுப்பகல் எங்களுக்கு ஆறு. சூரியன் வந்த பிறகு எண்ணத் தொடங்குவதுதானே நியாயம்? கும்மிருட்டில் நாளை ஆரம்பிக்கிறவர்கள்தான் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

புத்தாண்டு முடிந்த வாரம் திலாஹுன் எங்களையெல்லாம் கூப்பிட்டார். சீனாவிலிருந்து அப்டேட் வந்திருக்கிறதாம். விரல் நீளத்தில் ஒரு குச்சியை ஒவ்வொரு வண்டியிலும் செருகினார். திரை கறுத்தது, வெளுத்தது, ஒரு பாட்டுப் பாடியது.

"என்ன மாறியிருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"எல்லாமே மாறிடுச்சு தம்பி," என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அன்று மாலை வழக்கம்போல வீட்டுச் சுவரில் ஒயரைச் செருகிவிட்டுப் படுத்தேன். சவாரிக்குப் போக விடியும் முன் எழுந்து பார்த்தால், படுக்கும்போது இருந்த பதினேழு சதவீதம் அப்படியே இருந்தது. அதே சுவரில் விளக்கைச் செருகினேன், எரிந்தது. மத்தியானம் திரும்பி வந்து செருகினேன், ஏறவில்லை. ஊரில் ஒரு ஆமையும் ஏறவில்லை. திலாஹுன் இரண்டு பேருக்கு ஒயர் மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் துபாய்க்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்.

காரணம் தெரியாத இடத்தில் கண்ணேறு வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊரில் கொள்ளிக்கண்காரனுக்குப் புடா என்று பெயர். அவன் பார்த்தால் பால் திரியும், பிள்ளை இளைக்கும். ராத்திரியில் அவன் கழுதைப்புலியாக மாறித் திரிவான். இனி அவன் பார்த்தால் பேட்டரியும் இளைக்கும் என்று சேர்த்துக்கொண்டோம். ஓட்டுநர்கள் வண்டிக்குச் சேறு பூசினார்கள். சார்ஜ் ஓட்டையைச் சுற்றிப் பூண்டு கட்டினார்கள். ஒருவர் வண்டியை இன்னொருவர் புகழ்வது அறவே நின்றுபோயிற்று.

"என்ன அண்ணே, வண்டி நாறிப்போன செருப்பு மாதிரி இருக்கு?"

"நல்லாயிருப்பே தம்பி! உன்னோடதும் சாக்கடையில விழுந்த எருமை மாதிரிதான் இருக்கு."

"ரொம்ப நன்றி அண்ணே!"

இப்படித்தான் மரியாதை பரிமாறிக்கொண்டோம்.

இந்த நிலைமையில்தான் ஜெம்பெரே தலைப்பாகை கட்டினார். மில்லில் பெரிய மின் இணைப்பு உண்டு. அதிலிருந்து ஆறு ஒயர்களை இழுத்து, ஒரே நேரத்தில் ஆறு ஆமைகளை நிறுத்துவார். சடங்கு இரவு பதினொன்றுக்குத் தொடங்கும், காலை ஐந்துக்கு முடியும். உங்கள் கணக்கில் விடியற்காலை ஐந்திலிருந்து முற்பகல் பதினொன்று வரை. அந்த நேரத்தைத் தவிர வேறு நேரத்தில் வண்டியைத் தொடவே மாட்டார்.

"அதுக்கு முன்னாடி வந்தா பேய் தூங்கிட்டிருக்கும்," என்பார். "அதுக்கப்புறம் வந்தா பேய் வேலைக்குப் போயிருக்கும்."

நாங்கள் தலையாட்டினோம். பேய்க்கும் பிழைப்பு இருக்கத்தானே செய்யும்?

ஜெம்பெரே சாம்பிராணிப் புகை போடுவார். சார்ஜ் ஓட்டைக்குள் வாயை வைத்துப் பழைய பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். கோவில் பள்ளியில் நிஜமாகவே படித்த பெரியவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எண்ணுறான்யா. ஒண்ணுலேருந்து நாப்பது வரைக்கும்" என்றார். எண்களுக்குத்தான் சக்தி அதிகம் என்று நாங்களே அவருக்குப் பதில் சொல்லிவிட்டோம். சரியாகப் பதினொன்று அடிக்கும்போது வண்டிக்குள் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பச்சை விளக்கு எரியும். பெண்கள் குலவையிடுவார்கள். ஜெம்பெரே ஓட்டைக்குள் கைவிட்டு, கறுப்பு நூல் சுற்றிய துருப்பிடித்த ஆணி ஒன்றை உருவிக் காட்டுவார்.

"பார்த்தியா? இதான் உன் வண்டியோட தொண்டையில குத்திக்கிட்டிருந்துச்சு!"

ஐந்து மணிக்குள் பேட்டரி நிரம்பிவிடும். மூன்று நாள் ஓடும். பிறகு மறுபடியும் பேய், மறுபடியும் சேவல்.

அதோடு விட்டிருந்தால் சேவலோடு போயிருக்கும். ஆனால் ஆணியைப் பார்த்த கூட்டம், "யார் ஆணி?" என்று கேட்க ஆரம்பித்தது. ஜெம்பெரே கண்ணை மூடிக்கொண்டு, "நெருப்பும் இரும்புமா வேலை செய்யறவன். ரொம்பப் பக்கத்துல இருக்கான்" என்றார். மில்லுக்கு எதிரே ஒரே ஒரு வெல்டிங் கடைதான் இருந்தது. அது மெங்கெஷாவின் கடை.

இரும்பு வேலைக்காரன்மேல் புடாப் பழி போடுவது எங்கள் நாட்டில் பாட்டன் காலத்து வழக்கம். அவன் செய்த கலப்பையால் உழுவோம், அவன் செய்த கத்தியால் வெங்காயம் நறுக்குவோம், அவன் நிழலைக் கண்டால் ஒதுங்குவோம். மெங்கெஷா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் தெருவே முகத்தை மூடிக்கொண்டது.

முதலில் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "என் கண்ணுக்கு அவ்வளவு பவர் இருந்தா, கரண்ட் போறப்ப அதை வெச்சே வெல்டிங் பண்ணமாட்டேனா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த இரண்டு பேரும் அவன் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். பாதி செய்த இரும்புக் கதவுகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

பிறகு தெஷாலே ஐயா வந்தார். சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டு இல்லாமல் காப்பிகூடக் குடிக்கமாட்டார். அவர்தான் எங்கள் இதிரின் தலைவர், நான் செயலாளர். இதிர் என்பது சாவுக்கான சங்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போடுவதும், பெஞ்சு கொண்டுவருவதும், மூன்று நாள் சமைத்துப் போடுவதும், பெட்டியைத் தோளில் சுமப்பதும் இதிர்தான். இதிர்ப் புத்தகத்தில் பெயர் இல்லாதவன் செத்தால், சுமக்க நான்கு தோள் கிடைக்காது.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்தைப் போடு ஷிமெலிஸ்," என்றார் தெஷாலே. "மெங்கெஷா பேரை அடிச்சுடுவோம். என் வண்டி பதினோரு நாளா வாசல்ல படுத்துக்கிடக்கு. கழுதைப்புலியை வெச்சுக்கிட்டு சங்கம் நடத்த முடியாது."

அன்று மாலையே மெங்கெஷா என்னைத் தேடி வந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, எங்கப்பாவுக்கு இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் பேரை ஒரு மாசம் கழிச்சு அடிச்சுக்குங்க. அவரைத் தூக்கினதுக்கு அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரக்கத்தினால் இல்லை. அவன் கண் என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தினால். "தலைவர் முடிவு தம்பி," என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஜெனெபெச் என்று ஒரு பெண். அவளும் ஆமைதான் ஓட்டுகிறாள். வாய் நீளம். கை அதைவிட நீளம். கெட்டுப்போன எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. மாலையில் செருகிய ஒயர் காலையிலும் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஷிமெலிஸ் அண்ணே, என் வண்டி ஏறுது."

"ஜெம்பெரேகிட்டப் போனியா?"

"எங்கயும் போகல. கட்டில்ல கெடந்தேன். வண்டி வாசல்ல கெடந்துச்சு. பாத்தா தானா நாப்பது சதவீதம் ஏறியிருக்கு. சரி, என்னதான் நடக்குதுன்னு அடுத்த நாள் முக்காலியப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். பதினொண்ணு அடிச்சதும் டக். அஞ்சு அடிச்சதும் டக், நின்னுபோச்சு. மறுநாளும் அதே. மந்திரமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல."

"உன் காய்ச்சல் பேய்க்கு ஒட்டியிருக்கும். பயந்து ஓடியிருக்கும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, நீங்க சவாரிக்கு எத்தனை மணிக்குக் கெளம்புவீங்க?"

"பதினொண்ணுக்கு."

"தெஷாலே ஐயா?"

"அவர் வாக்கிங் போவார். பதினொண்ணுக்கு முன்னாடியே ஒயரைப் புடுங்கிச் சுருட்டி உள்ள வெச்சுடுவார். திருடன் பயம்."

"ஆக, இந்த ஊர்ல பதினொண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல எவனும் வீட்டுல ஒயரைச் செருகி வெக்கல. ஜெம்பெரே மட்டும்தான் செருகுறாரு. இல்லையா?"

"நீ சாமி நம்பிக்கை இல்லாதவளா போயிட்டே," என்றேன். வேறு பதில் தெரியாதவன் வேறு என்ன சொல்வான்?

"நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோவிலுக்குப் போறவதான். சாமி வேற, சார்ஜ் வேற," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்பது மணிக்கு, அதாவது உங்கள் மூன்று மணிக்கு, மில் கொட்டகையில் இதிர் கூடியது. இருபது ஆமைகள் சுற்றி நின்றன. தெஷாலே கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெம்பெரே ஆட்டுத்தோல் விரித்த நாற்காலியில், சாட்சி சொல்ல. மெங்கெஷா மட்டும் தனியாக நின்றான். அவனைச் சுற்றி ஒரு வண்டி நிறுத்தும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"செயலாளரே, பேரை அடிங்க," என்றார் தெஷாலே.

புத்தகத்தைத் திறந்தேன். மெங்கெஷாவின் பெயரில் முதல் எழுத்தின்மேல் பேனாவை வைத்து இழுத்தேன். பாதிப் பெயர் வரை கோடு போயிருக்கும். அப்போது காது கிழியும்படி ஹாரன் சத்தம். ஜெனெபெச்சின் ஆமை கொட்டகைக்குள் நுழைந்து, ஜெம்பெரேயின் கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் இறங்கினாள். மில் ஒயரை எடுத்துச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஜெம்பெரே ஐயா, என் வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. ஓட்டுங்க."

"இப்ப மணி ஒம்போது. பேய் தூங்குது."

"எழுப்புங்க. ரெண்டு சேவலாத் தர்றேன்."

"பேய்க்குன்னு ஒரு விதி இருக்கும்மா. பதினொண்ணுலேருந்து அஞ்சு. அதை மாத்த எனக்கே அதிகாரம் கெடையாது."

"அது எந்தக் கடிகாரத்தைப் பாத்து எழுந்திரிக்கும்? உங்க கைக்கடிகாரமா, கோவில் மணியா?"

கூட்டம் சிரித்தது. ஜெம்பெரேவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த கெட்டிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது.

"வண்டிக்குள்ள இருக்கற பேய் வண்டியோட கடிகாரத்தைத்தான் பாக்கும்! இது கூடத் தெரியாம வந்துட்டா!"

"ரொம்ப சரி," என்றாள் ஜெனெபெச். "தெஷாலே ஐயா, இப்படி வாங்க. என் வண்டிக்குள்ள உக்காருங்க. நான் கை வெச்சா மந்திரம்னு சொல்வீங்க. அதனால உங்க விரலாலயே தள்ளுங்க. அதோ, கடிகாரம் தெரியுதா? ஒம்போதுன்னு இருக்கா? தள்ளுங்க."

தெஷாலே கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்து. பதினொன்று. விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஜெம்பெரே முகத்தில் தெம்பு வந்தது.

"இது பகல் பதினொண்ணு," என்றாள் ஜெனெபெச். "சீனாக்காரன் பன்னெண்டோட நிக்கமாட்டான், இருவத்துநாலு வரைக்கும் எண்ணுவான். அவனுக்கு ராத்திரி பதினொண்ணுன்னா இருவத்துமூணு. தள்ளிக்கிட்டே போங்க."

பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. பின்னால் நின்றவர்கள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். இருபத்துமூன்று.

டக்.

பச்சை விளக்கு எரிந்தது. விசிறி ஓட ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் ஒரு பெண் குலவையிட்டுவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப திரும்பவும் ஒம்போதுக்குக் கொண்டுவாங்க," என்றாள் ஜெனெபெச்.

டக். நின்றது.

"திரும்ப இருவத்துமூணு."

டக். ஏறியது.

தெஷாலே இறங்கவே இல்லை. சின்னப் பிள்ளை விளக்குச் சுவிட்சைத் தட்டி விளையாடுவதுபோல அந்தச் சுங்க அதிகாரி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தார். பேய் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் களைத்துப்போயிருக்கும்.

ஜெம்பெரே எழுந்து நின்றார். "பாவம்! பெரும் பாவம்! கடிகாரத்தை மாத்திப் பேயை ஏமாத்திட்டா!"

"மணி என்னன்னு வெளிய எட்டிப் பாக்கத் தெரியாத பேய்க்கா நாங்க நாலு நாலு சேவல் கொடுத்தோம்?" என்று யாரோ கத்தினார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

ஜெனெபெச் திரையில் ஒரு பக்கத்தைத் தட்டித் திறந்தாள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்திருக்கிறாள். சீன எழுத்துகளுக்கு நடுவே ஒரு பிறை நிலாப் படம். பக்கத்தில் ஒரு மின்செருகியின் படம். கீழே இருபத்துமூன்று, ஐந்து என்று இரண்டு எண்கள். இதைப் படிக்கச் சீனம் தெரிய வேண்டியதில்லை.

"ராத்திரி மட்டும் ஏறுன்னு புது அப்டேட்ல சொல்லி அனுப்பியிருக்கான். அவன் ஊர்ல ராத்திரி கரண்ட் மலிவா இருக்கும் போல. திலாஹுன் அண்ணன் கடிகாரத்தை நம்ம நேரத்துக்குத் திருப்பி வெச்சிருக்காரு. அதனால விடியக்காலை வந்தாத்தான் வண்டிக்கு ராத்திரி பதினொண்ணு. நம்ம கணக்கும் தப்பில்ல, அவன் கணக்கும் தப்பில்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கல. அவ்வளவுதான் உங்க பேய்."

"அப்ப ஆணி?" என்றார் தெஷாலே. இவ்வளவு சேவல் கொடுத்த மனிதருக்குப் பேயைக் கைவிட மனம் வரவில்லை. "ஒவ்வொரு வண்டியிலயும் ஆணி வந்துச்சே? கண்ணால பாத்தோமே?"

அப்போதுதான் மெங்கெஷா முதல் முறையாக வாயைத் திறந்தான். ஜெம்பெரேயின் நாற்காலிக்குக் கீழே காட்சிக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இது தகரத்துக்கு அடிக்கற கூரை ஆணி ஐயா. நான் பத்தவைக்கறவன். ஆணியை வெச்சு எனக்கு என்ன வேலை?" என்றவன் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

எல்லாரும் மேலே பார்த்தோம். கொட்டகைக் கூரையில் ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தகரம் காற்றில் எழுந்து எழுந்து படுத்தது.

"அடப்பாவி! அதான் போன மழையில என் மாவு மூட்டையெல்லாம் நனைஞ்சுதா!" என்று மில் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெம்பெரேயிடமிருந்து வாடகை வருகிறதே என்று இத்தனை நாள் அவர் அண்ணாந்து பார்க்கவேயில்லை.

நான்கு பேர் ஜெம்பெரேயைப் பிடித்து இழுத்தார்கள். தலைப்பாகை அவிழ்ந்தது. அதற்குள்ளிருந்து ஏழெட்டு ஆணிகள் கலகலவென்று உதிர்ந்தன. உள்ளே எங்கள் பழைய ராக்காவலாளி நின்றான்.

"அடிக்காதீங்க! சொல்லிடறேன்! காவலுக்கு இருந்தப்ப யாரோ ஏறாத வண்டிய இங்க செருகிட்டுப் போனாங்க. பதினொண்ணுக்கு டக்னு தானா ஏறிச்சு. ஏன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா இன்னிக்கு வரைக்கும் தெரியாது! நான் பாட்டுக்கு உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தேன். வண்டிக்காரன் வந்து, 'நீங்க என்னவோ பண்ணியிருக்கீங்க ஐயா'ன்னு கால்ல விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். விழுந்தவனை எழுந்திருடான்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லாததால் அவனை மில்லை விட்டுத் துரத்தினோம். கூரைக்கு ஆணி அடித்துக் கொடுத்த பிறகுதான் துரத்தினோம்.

இத்துடன் எங்களுக்கெல்லாம் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். ஜெம்பெரே வாசலைத் தாண்டும் முன்பே ஜெனெபெச்சைச் சுற்றி ஒரு வரிசை நின்றுவிட்டது.

"அக்கா, என் வண்டிக்கும் நீங்களே கடிகாரத்தைத் திருப்பி விடுங்க. உங்களுது ராசியான கை."

"உன் கையில விரல் இல்லையா?"

"இருக்கு. இருந்தாலும் நீங்க தொட்டா நிலைச்சு நிக்கும்ல?"

ஒரு கிழவி தன் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டாள். ஒருவன் ஜெனெபெச்சின் காலடியில் ஒரு சேவலை வைத்தான். அவள் அந்தச் சேவலாலேயே அவனை அடித்தாள். "திருப்பறது ஒரு நிமிஷ வேலைடா! ஆறு மணி நேரம் முன்னால தள்ளி வை, ராத்திரி வீட்டுலயே ஏறும்! உன் மணிக்கட்டுல நம்ம நேரம் இருக்கட்டும், வண்டிக்கு அதோட நேரம் இருக்கட்டும்! போய் உன் விரலால பண்ணு!" என்று தொண்டை வற்றக் கத்தினாள். இருபது பேரும் தங்கள் விரலாலேயே தள்ளினார்கள். எல்லா வண்டியும் ஏறிற்று. அன்று மாலையே எங்கள் ஆள் ஒருவன், அவள் சேவலால் அடித்த பிறகுதான் தன் வண்டி ஏறியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மெங்கெஷாவின் அப்பா அந்த வியாழக்கிழமை இறந்தார். இதிர் முழுவதும் வந்தது. பந்தல் போட்டோம். பெண்கள் இஞ்செரா அப்பம் சுட்டு அடுக்கினார்கள். பெட்டியைச் சுமக்கப் போட்டி போட்டார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் தெஷாலே ஐயா. பின்னால் பதினெட்டு ஆமைகள் பேட்டரி நிரம்பி ஊர்ந்து வந்தன. எல்லாரும் மெங்கெஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி, நீ அப்படிப்பட்டவன் இல்லைன்னு" என்றார்கள். நானும் சொன்னேன்.

மூன்றாம் நாள் பந்தல் பிரிக்கும்போது அவன் என்னிடம் இதிர்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். தன் பெயரைத் தேடி எடுத்தான். பாதிப் பெயரின்மேல் என் பேனாக் கோடு அப்படியே இருந்தது. மசிக்கோடு, அழிக்க முடியவில்லை. அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். இந்த முறை நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அழுது சிவந்த சாதாரணக் கண்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்த வண்டியோட கடிகாரம் நெஜமாவே ரிப்பேரா இருந்து, டக்னு சத்தம் கேக்காமப் போயிருந்தா, எங்கப்பாவை யாரு தூக்கியிருப்பா?"

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. தெஷாலே ஐயா கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். அத்தனை பேரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு மெங்கெஷா இருப்பான். அவன் பெயரின்மேல் கோடு போடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துவையுங்கள். யோசிப்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.